கஸ்தூரி சொல்லாமல் விட்டது

புருஷனுக்கு இது எப்படித் தெரியும் என்பதுதான் ராமலட்சுமியை முதலில் சுட்டது. கட்டியெல்லாம் அப்புறம்தான்.

நான்கு மாதமாக அந்தக் கட்டியைப் பற்றி ஒருத்தரிடமும் மூச்சு விடாமல் இருந்தாள். மாசி மாதத்தில் மஞ்சள் தேய்த்துக் குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டது. வலிக்கவில்லை, சிவக்கவில்லை. தானாகப் போய்விடும் என்று விட்டாள். ஆனி பிறப்பதற்குள் அது நெல்லிக்காய் ஆகிவிட்டது. அதற்குமேல் தாங்காமல், ஒரு மத்தியானம் சங்கரபாண்டியன் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது, மோர் ஊற்றுகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதபடியே சொன்னாள். அவர் திருச்சுழி கடைத்தெருவில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிறவர். மகளுக்குக் காய்ச்சல் என்றாலே கைகால் ஓடாத மனுஷன். பதறிப்போய்ச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார் என்று நினைத்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. எச்சில் கையோடு நிதானமாகச் சொன்னார்.

"பயப்படாத. மதுரைக்குப் போனா, மரத்துப்போற ஊசியைப் போட்டு அந்தக் கட்டியை மட்டும் எடுத்துருவாக. அரைமணி நேர வேலை. அதைப் பாட்டில்ல போட்டு டெஸ்டுக்குக் குடுப்பாக. பன்னண்டு நாள்ல அது நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு தெரிஞ்சுரும். நாலே நாலு தையல்தான்."

ராமலட்சுமிக்கு அழுகை நின்றுவிட்டது.

"நாலு தையல்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் மோர்ச்சோற்றைப் பிசைந்தார். அது ஏற்கெனவே பிசைந்த சோறு.

"சொல்லுங்க. யாருக்குப் போட்ட தையலை நீங்க எண்ணுனீக?"

"கஸ்தூரிக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே மாதிரி வந்துச்சு. கூட்டிட்டுப் போக ஆளில்ல. நாந்தான் போனேன். அவளுக்கு வெறும் கொழுப்புக் கட்டின்னு வந்துச்சு."

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் மோர்ச்சட்டி முற்றத்தில் போய் விழுந்தது.

கஸ்தூரி யார் என்று சொல்லிவிட வேண்டும். சங்கரபாண்டியனின் தாய்மாமன் மகள். பிறந்த நாளிலிருந்தே இவருக்குத்தான் அவள் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் அவள் அப்பனுக்கு நரிக்குடியில் லாரி வைத்திருந்த ஒருத்தர் மேல் ஆசை விழுந்து, அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்த ஏமாற்றத்தில் இருந்த சங்கரபாண்டியனுக்குத்தான் அருப்புக்கோட்டையிலிருந்து ராமலட்சுமியைக் கட்டி வைத்தார்கள். கட்டி வைத்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, நரிக்குடிக்காரர் லாரியோடு பாலத்தில் விழுந்து செத்துப்போனார். கஸ்தூரி இருபத்தாறு வயதில் வெறுங்கழுத்தோடு திருச்சுழிக்குத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்பன் விட்டுவிட்டுச் செத்துப்போன வீட்டில், காது கேட்காத தாயோடு, தையல் மெஷினை மிதித்துக்கொண்டு பிழைத்தாள். ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள்தான். ராமலட்சுமிக்கு மட்டும் இல்லை. ராமலட்சுமி பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய் ஆண் தையல்காரரிடம் கக்கத்தில் பிடிக்கிற மாதிரி ஒரு ரவிக்கையைத் தைத்துக்கொண்டு வருவாளே தவிர, அந்த வாசப்படி ஏற மாட்டாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கல்யாண வீடோ, சடங்கு வீடோ, கோயில் தேரோ, எங்கே தானும் கஸ்தூரியும் சேர்ந்து நிற்க நேர்ந்தாலும் சரி, சங்கரபாண்டியன் அங்கே வரும்போது அவர் கண் முதலில் யார்மேல் விழுகிறது என்று பார்ப்பாள். எட்டு வருஷமாகப் பார்க்கிறாள். ஒரு தடவைகூட அவர் கஸ்தூரியை முதலில் பார்த்ததில்லை. வேறொருத்தியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இவளுக்கு அதுவே சந்தேகம். மனசில் ஒன்றுமில்லாத ஆம்பளை ஒரு தடவையாவது தவறிப்போய்ப் பார்த்திருக்க வேண்டாமா?

இப்போது தெரிந்துவிட்டது.

"அந்த வருசம் ஆவணியில, பருத்திக்கொட்டை லோடு விசயமா மதுரைக்குப் போறேன்னு வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனீகளே, அதா?"

"உங்கிட்டச் சொன்னா இப்படித்தான் ஆகும்னுதான் சொல்லல."

"எப்படி ஆகும்? நான் என்ன ஆகிட்டேன் இப்ப?"

முற்றத்தில் கிடந்த மோர்ச்சட்டியைப் பார்த்துக்கொண்டே அவர் கைகழுவப் போனார்.

மூன்று நாள் அவருக்கு உப்பில்லாத குழம்புதான். அவரும் உப்பைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மட்டும், பெண்கள் வார்டுக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்கள், கூட ஒரு பொம்பளை வேண்டும், உன் தங்கச்சியும் நிறைமாசமாக இருக்கிறாள், கஸ்தூரியைக் கேட்கட்டுமா என்று மெல்ல ஆரம்பித்தார்.

"எம் பொணத்தைத் தூக்குறன்னைக்கு அவளைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் வேண்டாம்."

சொல்லிவிட்டாளே தவிர, சொன்ன வார்த்தை வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாளைக்கே தான் போய்விட்டால்? பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நாலு பெரியவர்கள் உட்கார்ந்து என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? வெளியில் எங்கேயும் தேடவே வேண்டாமே, முறைப்பெண் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறாளே, புள்ளையும் அவளைச் சித்தி என்றுதானே கூப்பிடுகிறது என்பார்கள். ஒன்பது வயது வெள்ளைத்தாய்க்கு அவள் தலைபின்னி விடுவாள். இந்த அடுக்களையில் நின்று உப்புப் போட்டுக் குழம்பு வைப்பாள். சாவுப் பயம்கூட அவ்வளவாக இல்லை. தன் அஞ்சறைப்பெட்டியை அவள் திறப்பாளே என்பதுதான் பொறுக்க முடியவில்லை.

அதற்காகவாவது சாகக்கூடாது. அப்படியென்றால் மதுரைக்குப் போக வேண்டும். அங்கே என்ன செய்வார்கள் என்று முன்னாடியே தெரிந்துகொள்ளாமல் போக அவளுக்குத் தைரியம் இல்லை. திருச்சுழியில் அதைச் சொல்லக்கூடிய பொம்பளை ஒருத்திதான் இருந்தாள். நாலாம் நாள் சாயங்காலம், தலைவிதியே என்று அந்த வாசப்படி ஏறினாள்.

கஸ்தூரி மெஷினை விட்டு எழுந்தாள். வந்தவள் யார் என்று பார்த்ததும் முகம் வெளிறியது. "வாங்கக்கா" என்று பாயை விரித்தாள். அத்தான் பெண்டாட்டி அக்கா முறைதானே.

"உக்கார வரல. எனக்கும் வந்திருக்கு" என்றாள் ராமலட்சுமி, மார்பைத் தொட்டுக் காட்டி. "என்ன செய்வாகன்னு சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

கஸ்தூரி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அளவு எடுத்துச் சொல்கிறவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"மொத நாளு டாக்டரம்மா அமுக்கிப் பாப்பாக. கையைத் தலைக்கு மேல தூக்கச் சொல்லுவாக. கக்கத்துலயும் அமுக்குவாக, கூச்சப்படாதீக. எத்தனை மாசமா இருக்குன்னு கேப்பாக, கூட்டிக் கொறச்சுச் சொல்லாதீக. அடுத்து ஒரு புதன்கிழமைக்கு வரச் சொல்லுவாக. அன்னைக்குத் தோட்டைக் கழட்டச் சொல்லுவாக. மேல பச்சைத் துணியைப் போர்த்துவாக. மூஞ்சியையும் மூடிருவாக, அதுக்குப் பயந்துறாதீக. ஊசி போடுறப்ப கட்டெறும்பு கடிச்சாப்புல இருக்கும், எரியும். அம்பது எண்றதுக்குள்ள மரத்துப்போகும். அப்புறம் இழுக்கிறது தெரியும், வலி தெரியாது. கத்திரிச் சத்தம் கேக்கும். எனக்குப் பழகுன சத்தம், நான் பயப்படல. நீங்க வேற எதையாவது நெனச்சுக்கங்க."

"அப்புறம்?"

"தையலைப் போட்டு அன்னைக்கே அனுப்பிருவாக. எட்டு நாள் தண்ணிக்குடம் தூக்கக் கூடாது, அந்தக் கையால தலை சீவக் கூடாது. மரத்தது தெளியுறப்பதான் விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். அதுக்கு மாத்திரை குடுப்பாக. எல்லாத்தையும்விட அந்தப் பன்னண்டு நாளுதான்கா கஷ்டம். சோறு எறங்காது."

சொல்லிவிட்டு, கேட்காமலே ரவிக்கை ஊக்கை இரண்டு அவிழ்த்து ஓரமாக விலக்கிக் காட்டினாள். ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு. அதற்குப் பயந்துதானா இத்தனையும் என்று தோன்றுகிற மாதிரி சின்னக் கோடு. ராமலட்சுமி பார்த்தது அந்தக் கோடு இல்லை. பிள்ளை பெறாத, பால் கொடுக்காத அந்த உடம்பைப் பார்த்தாள். முப்பத்து நாலு வயசுக்கு எப்படி வைத்திருக்கிறாள் பார் என்று வயிறு எரிந்தது. ஆசுபத்திரி விசயமாக வந்த இடத்தில் இப்படி எரிகிறதே என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

"அவுக அப்ப எங்க இருந்தாக?"

"அத்தான் வெளிய பெஞ்சில இருந்தாக. டெஸ்டுக்கு அந்தப் பாட்டிலை நாமதான் கொண்டுபோய்க் குடுக்கணும்கா. அடுத்த கட்டடம். அத்தான்தான் கொண்டுபோனாக."

தன் புருஷன் கையில் இவள் உடம்பிலிருந்து எடுத்தது ஒரு பாட்டிலில் இருந்திருக்கிறது. எப்படிப் பிடித்துக்கொண்டு போனார்? ஒரு கையாலா, இரண்டு கையாலா? ராமலட்சுமிக்கு அந்த இடத்தைத் தாண்டி வேறு எதையும் நினைக்க முடியவில்லை. தன் பாட்டிலையும் அவர்தான் கொண்டுபோக வேண்டும், எப்படிக் கொண்டுபோகிறார் என்று பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

"எதையும் மறைக்கலையே?"

"எனக்கு நடந்தது எல்லாத்தையும் சொல்லிட்டேன்கா."

"சரி. நீயும் கூட வா" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டாள்.

மதுரைக்குப் போகிற பஸ்ஸில் ராமலட்சுமி ஜன்னல் ஓரத்தில் உட்காரவில்லை. கஸ்தூரியை ஜன்னலோரம் தள்ளி, நடுவில் தான் உட்கார்ந்து, சங்கரபாண்டியனை நாலு வரிசை பின்னால் போகச் சொன்னாள். காரியாபட்டியில் பஸ் நின்றபோது அவர் இறங்கிப்போய் மூன்று பாட்டில் கலர் சோடா வாங்கிவந்தார். மூன்றும் ஒரே சிவப்பு. அவளுக்கு அதிலும் குறைதான். பெண்டாட்டிக்கு மட்டும் வேற கலர் வாங்கினால் என்ன?

ஆசுபத்திரியில் எல்லாமே கஸ்தூரி சொன்னபடி நடந்தது. டாக்டரம்மா கையைத் தூக்கச் சொன்னாள். கக்கத்தில் அமுக்கினாள். எத்தனை மாசம் என்று கேட்டாள். அடுத்த புதன்கிழமைக்கு வரச் சொன்னாள். ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாமல் நடக்க நடக்க ராமலட்சுமிக்கு ஒரு பக்கம் தெம்பாகவும் இன்னொரு பக்கம் ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு இடத்திலாவது அவள் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று காத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த புதன்கிழமையில் அது கிடைத்தது.

சங்கரபாண்டியனிடம் ஒரு சீட்டைக் கொடுத்து ஊசி மருந்தும் தையல் நூலும் வாங்கிவர வெளியே அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷன் அறை வாசலில் ராமலட்சுமியும் கஸ்தூரியும் மட்டும் நின்றார்கள். நர்ஸ் வந்து ஒரு வெள்ளை அங்கியைக் கையில் கொடுத்தாள்.

"நகை எல்லாத்தையும் கழட்டிக் குடும்மா. தோடு, மெட்டி, வளையல். தாலியையும்தான்."

ராமலட்சுமி கொடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தாலியையா?"

"அறுக்கிற எடத்துல வந்து கெடக்கும்ல? கழட்டு, கழட்டு. டாக்டர் வந்தாச்சு."

நகைப் பத்தரிடம் பழுது பார்க்கக் கொடுக்கிறதென்றாலும் அவர்கள் வீடுகளில் தாலிக்கொடியைச் சும்மா கழற்ற மாட்டார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளை முடிந்து, அதைப் புருஷன் கையால் கழுத்தில் கட்டிக்கொண்ட பிறகுதான் கொடி இறங்கும். புருஷன் உயிரோடு இருக்கிறவள் கழுத்து ஒரு நிமிஷம் வெறுமையாக இருக்கக்கூடாது. முன்னாடியே தெரிந்திருந்தால் திருச்சுழியிலேயே ஒரு கயிற்றை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டாளா?

முன்னாடியே ஒருத்திக்குத் தெரியுமே.

"அடி பாவி!" திரும்பிய வேகத்தில் கஸ்தூரி ஒரு அடி பின்வாங்கினாள். "கட்டெறும்பு கடிக்கும்னு சொன்ன, கத்திரிச் சத்தம் கேக்கும்னு சொன்ன. இதை மட்டும் ஏன்டி சொல்லல? என் கழுத்து மொட்டையாகி நான் உள்ள போகணும், அப்படியே திரும்பாமப் போகணும்னுதான?"

"ஐயோ, இல்லக்கா. எனக்குத் தெரியாதுக்கா."

"எப்படித் தெரியாமப் போகும்? இதே வாசல்லதான நீயும் நின்ன? இதே மாதிரி ஒரு நர்சம்மாதான உங்கிட்டயும் கேட்டிருப்பா?"

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கிட்டத் தோட்டை மட்டும்தான் கேட்டாகக்கா" என்றாள்.

ராமலட்சுமியின் கண் அவள் கழுத்துக்குப் போனது. எட்டு வருஷமாக அந்தக் கழுத்தைக் கழுத்தாகவே பார்க்காமல், தன் இடத்தைப் பிடிக்கக் காத்திருக்கிற கழுத்தாகத்தான் பார்த்திருந்தாள். அதில் ஒன்றும் இல்லை. ஒரு மணி, ஒரு நூல்கூட இல்லை. இல்லாததைக் கழற்று என்று யார் சொல்லியிருப்பார்கள்? அவளுக்கு நடந்ததை எல்லாம் அவள் சொல்லித்தான் இருந்தாள். நடக்காததை எப்படிச் சொல்லுவாள்? ராமலட்சுமிக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

நர்ஸுக்கு இதெல்லாம் பழக்கம்போல. கட்டுத் துணியில் நீளமாக ஒரு கிழி கிழித்து நீட்டினாள். "இந்தா, கழுத்துல ஏதாவது இருக்கணும்னா இதைக் கட்டிக்க."

வெள்ளைத் துணி. ராமலட்சுமி அதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்படின்னா அடுத்த புதன்கிழமை வா. இல்லைன்னா கழட்டிக் கூட வந்தவுக கையில குடுத்துட்டு உள்ள வா. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அடுத்த புதன் என்றால் இன்னும் ஒரு வாரம். நெல்லிக்காய் அதற்குள் என்ன காயாகுமோ! ராமலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு கொடியைத் தலைக்கு மேலே தூக்கினாள். மெட்டியை உருவினாள். தோட்டைத் திருகினாள். எல்லாவற்றையும் உள்ளங்கையில் குவித்துக் கஸ்தூரியிடம் நீட்டினாள்.

கஸ்தூரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"நான் தொடக் கூடாதுக்கா. அத்தான் வந்துரட்டும். இந்தா வந்துருவாக."

எட்டு வருஷமாக இவள் இதைப் பறிக்கத்தான் நிற்கிறாள் என்று ராமலட்சுமி நினைத்திருந்தாள். கொடுத்தும் வாங்க மாட்டேன் என்கிறாள். ராமலட்சுமி அதற்குமேல் யோசிக்கவில்லை. கஸ்தூரியின் சேலை முந்தியை வெடுக்கென்று இழுத்து, அதில் தாலியையும் மெட்டியையும் தோட்டையும் வைத்து, இரண்டு முடிச்சாகப் போட்டு இறுக்கினாள்.

"தொட வேண்டாம். சும்மா பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பச்சைத் துணி முகத்தை மூடியது. கட்டெறும்பு கடித்தது. அம்பது எண்ணினாள். முப்பத்தேழிலேயே மரத்துவிட்டது. இழுத்தார்கள், வலிக்கவில்லை. கத்திரிச் சத்தம் கேட்டது. வேறு எதையாவது நினைத்துக்கொள் என்று கஸ்தூரி சொல்லியிருந்தாள். ராமலட்சுமிக்கு நினைக்க என்ன இருக்கிறது? இந்நேரம் அவர் மருந்துக்கடையிலிருந்து திரும்பி வந்திருப்பார். வெளியே பெஞ்சில் அவரும் அவளும் உட்கார்ந்திருப்பார்கள். அவள் முந்தியில் என் தாலி கிடக்கிறது. நானே, என் கையாலேயே முடிந்து கொடுத்துவிட்டு வந்து இப்படி மல்லாந்து கிடக்கிறேனே, என்னைவிடக் கூறுகெட்டவள் இருப்பாளா? இந்த எரிச்சலில் தையல் போட்டதே அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து பார்த்தாள். சங்கரபாண்டியன் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் மிச்சமெல்லாம் காலி. கஸ்தூரி பத்தடி தள்ளி ஒரு தூணோரமாக நின்றுகொண்டிருந்தாள். முந்தி முடிச்சை இரண்டு விரலால் பிடித்து, உடம்பில் படாமல் தள்ளி ஏந்தியிருந்தாள்.

"அப்பிடியேவா நிக்கிற?"

"அத்தான் கேட்டாகக்கா. நான் குடுக்கல. முடிஞ்சது நீங்க, நீங்கதான் அவுக்கணும்."

ராமலட்சுமிக்கு இடது கை எழவில்லை. வலது கையால் முந்தியைப் பிடித்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். அருப்புக்கோட்டைத் தையல்காரர் கடையில் அடிக்கிற அதே மெஷின் எண்ணெய் வாசனை அந்தச் சேலையிலும் அடித்தது.

சங்கரபாண்டியன் எழுந்து வந்து, கொடியை வாங்கி அவள் கழுத்தில் போட்டார். கஸ்தூரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்கள் வழக்கத்தில் அவள் அதைப் பார்க்கக்கூடாது. திரும்பியிருந்த அந்த முதுகை ராமலட்சுமி பார்த்தாள். நான் எதைப் பார்த்து இத்தனை வருஷம் வயிறெரிந்தேன்? என்னிடம் இருப்பதில் ஒன்றாவது இவளிடம் இருக்கிறதா? எரிவதென்றால் இவளல்லவா எரிந்திருக்க வேண்டும்?

"இங்கிட்டுத் திரும்பு கஸ்தூரி."

"இருக்கட்டும்கா. போட்டு முடியட்டும்."

நர்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். சங்கரபாண்டியன் அதை இரண்டு கையாலும் வாங்கி, தளும்பாமல் நடந்து போனார். கஸ்தூரியின் பாட்டிலையும் இப்படித்தான் கொண்டுபோனாரா என்று கேட்க ராமலட்சுமிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

கஸ்தூரி சொன்னது சரிதான், அந்தப் பன்னிரண்டு நாள்தான் கஷ்டம். சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். கை தூக்க முடியாததால் பழைய ரவிக்கை ஒன்றும் போட முடியவில்லை. கஸ்தூரி தோளிலும் பக்கத்திலும் நாடா வைத்து முடிகிற மாதிரி ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். கக்கத்தில் பிடிக்கவில்லை. ராமலட்சுமி இன்னொன்றும் தைக்கச் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் சங்கரபாண்டியன் முதல் பஸ்ஸிலேயே மதுரைக்குப் போனார். வெள்ளைத்தாயைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் இருப்புக் கொள்ளாமல், ரவிக்கையைச் சாக்கு வைத்துக்கொண்டு ராமலட்சுமி கஸ்தூரி வீட்டுக்குப் போனாள். வாசலில் உட்கார்ந்தால் பஸ் வருவது தெரியும். கஸ்தூரி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ கஸ்தூரி, உனக்கு ரிசல்ட்டு வந்தப்ப அவுக என்ன சொன்னாக?"

"பஸ்ஸை விட்டு எறங்குறப்பவே சிரிச்சுக்கிட்டே வந்தாகக்கா. அதுலயே தெரிஞ்சுபோச்சு."

அதற்கும் சுருக்கென்றது ராமலட்சுமிக்கு. பொறுத்துக்கொண்டாள்.

மூன்று மணி பஸ் வந்து நின்றது. புழுதி அடங்கியதும் சங்கரபாண்டியன் இறங்குவது தெரிந்தது. எதிர்வாசலில் இரண்டு பேரும் இருப்பதைக் கண்டு, ரோட்டைக் கடந்து வந்து படியடியில் நின்றார். சட்டைப்பையில் மடித்த காகிதம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ராமலட்சுமி காகிதத்தைப் பார்க்கவில்லை. பழக்கம் போகுமா? அவர் கண்ணைத்தான் பார்த்தாள்.

அவர் கஸ்தூரியைப் பார்த்தார்.

எட்டு வருஷம் காத்துக்கொண்டிருந்த பார்வை. அது வந்தால் என்னவெல்லாம் பேச வேண்டும், எந்தச் சட்டியை எங்கே வீச வேண்டும் என்று அவள் மனசுக்குள் ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாத மனுஷன் வேறு எந்த முகத்தைத்தான் பார்ப்பான்? அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ராமலட்சுமிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

"மறுபடியும் எப்ப வரச் சொன்னாக?" என்று ராமலட்சுமிதான் கேட்டாள்.

"வாற புதன். இந்தத் தடவை கட்டியை மட்டும் இல்ல, முழுசா எடுக்கணுமாம். எடுத்துட்டா உயிருக்குப் பயமில்லைன்னு டாக்டரம்மா சொன்னாக."

கஸ்தூரி வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு, நரிக்குடிப் பக்கம் போனது.

"கஸ்தூரி."

"என்னக்கா?"

"இந்தத் தடவை மஞ்சக் கயிறு மறந்துறக் கூடாது. கடையில வாங்கி, விரலி மஞ்சளை வச்சு நீயே முடிஞ்சு எடுத்துட்டு வா."

"நானா? வேண்டாம்கா. நான் போய்…"

"நீதான். உன் கையாலதான். அவுக கட்டிவிடட்டும், முடியுறது நீ." ராமலட்சுமி முந்தியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். எழுந்து படியில் கால் வைத்தவள் திரும்பி, கஸ்தூரியை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. நான் உள்ள கெடக்கையில அந்தப் பெஞ்சில மட்டும் உக்காராத. போன தடவை மாதிரி தூணுகிட்டயே நில்லு."

கஸ்தூரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன.

"சரிக்கா" என்றாள். "தூணுகிட்டயே நிக்கிறேன். நீங்க திரும்பி வாங்க."